ஒரு வால்யூமுக்கு ஒரு கோப்பு

கமர்கட்டு இடது கடைவாயில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லது, அங்கேயே கிடக்கட்டும், இப்போது பேச நினைத்தாலும் பேச்சு வராது. இது எங்கள் அலுவலக வழக்கம். கணினிக் கட்டளை ஒன்றுக்கு உதவிப் பக்கம் எழுதியவர் கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்து வேலை செய்து பார்க்கிறவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, இருமிக் காட்டிக் கொடுக்கக் கூடாது. படிக்கிறவர் "இது எப்படி" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பக்கம் தோற்றது. முன்பெல்லாம் சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்களாம், யாராலும் முடியவில்லை, நடுவில் ஒருத்தர் பொறுக்கமாட்டாமல் "அது இல்லைங்க, அதுக்குக் கீழ" என்று கத்திவிட, மறுநாளே கீழ்த்தளத்துப் பேக்கரியில் கமர்கட்டு டப்பா வாங்கி வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு டப்பாவே வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவி பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவாள் இல்லையா, பவளக்கொடி என்று என் பெயரை எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கமே திரும்புவாள். குமரகுரு, அதாவது என் வீட்டுக்காரர், காலையில் வண்டியில் இறக்கிவிடும்போது, நீ அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டால் உங்கள் ஆபீஸுக்கு நானே மாலை வாங்கி வருகிறேன் என்றார். வாங்கி வரட்டும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நாச்சக்கா, பல்லடத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவர், வீட்டுக்காரர் கேமரா பிடிப்பார், இவர் வெட்டி ஒட்டிப் பாதுகாத்து வைப்பார். தலையில் மல்லிகைச் சரம், கையில் மூக்குக்கண்ணாடி, கண்ணாடியை இன்னும் போடவில்லை, ஏன் போடவில்லை, போடுங்கள் அக்கா. போட்டுக்கொண்டார். சுவரோரமாக எட்வின் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கேள்வி எண்ணுவதற்கு. இந்தக் கட்டளையை உருவாக்கியவர் அவர், என் மேலாளரும் அவர்தான். இது தேறினால் மிச்சக் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் தமிழில் பக்கம் எழுதும் வேலை எனக்கு. தேறாவிட்டால் தமிழ்ப் பக்கம் என்கிற பேச்சே கிடையாது, நான் பழையபடி காதில் போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப் போக வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும். பண்டிகைக்குத் துணி எடுக்கப் போன குழந்தை கடையில் நின்று ஒன்றையே காட்டுமே, அப்படி வேண்டும்.

நாச்சக்கா படிக்கிறார். உதடு அசைகிறது. முதல் பத்தி, வால்யூம் என்றால் என்ன என்பது. அதை எத்தனை தடவை எழுதி அடித்தேன். எங்கள் கம்பெனி ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் பெரிய பெரிய கணினிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள இடத்தைத் துண்டு போட்டு வாடகைக்கு விடுகிறது. கையில் எடுத்துப் பார்க்கிற டிஸ்க் கிடையாது, ஆனால் டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு துண்டு இடம், அதுதான் வால்யூம். அதில் ஒரு கோப்பை ஏற்ற வேண்டுமானால் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்ட வேண்டும். அந்தக் கட்டளைக்கு எட்வின் சார் எழுதி வைத்திருந்த விளக்கமும் ஒரு வரிதான். கோப்பை வால்யூமில் ஏற்றும். அவ்வளவுதான். கேட்டால் இதில் என்ன புரியவில்லை என்பார். புரியாமல் போனது நாச்சக்காவுக்கு. போன ஆவணியில், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக வந்த சமயம், சூலூரில் ஒரு கல்யாணம் எடுத்தார்கள். கல்யாணத்தின் பெயரில் ஒரு வால்யூம் உண்டாக்கி முகூர்த்த வீடியோவை அதில் ஏற்றினார். கேமரா கார்டை அன்றைக்கே அழித்து அடுத்த மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினார், அவர்கள் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். மறுநாள் ரிசப்ஷன் வீடியோவை அதே வால்யூமில் ஏற்றினார். யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள், பீரோவில் பட்டுப் புடவை வைத்தோம், அடுத்து வேட்டி வைக்கிறோம், வேட்டி போய் புடவையைத் தின்றுவிடுமா. இங்கே தின்றுவிட்டது. அந்தக் கட்டளை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, இடத்தின் தலையிலிருந்து எழுதிக்கொண்டே போகும். அப்போது போனை எடுத்தது நான். "அம்மிணி, தாலி கட்டறதக் காணோம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, காவல் நிலையத்துக்குச் செய்ய வேண்டிய போனை இங்கே செய்துவிட்டாரோ என்று நினைத்தேன். "முகூர்த்தத்தத் தொறந்தா ரிசப்சன் ஓடுது அம்மிணி. மாப்பிள்ள கோட்டுப் போட்டு நிக்கறான். தாலி கட்டறதக் காணோம்." அந்தக் குரல் இன்னும் என் காதிலிருந்து போகவில்லை, அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, வீட்டுக்குள் வைத்த பொருளை வீட்டுக்குள்ளேயே தேடுகிறவர் குரல்.

இப்போது கோப்பின் அளவைப் பார்க்கிறார். பாருங்கள், அதைத்தான் முதல் படியாகப் போட்டேன், கோப்பைவிட வால்யூம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அளவைப் பார்த்துவிட்டு உண்டாக்குங்கள் என்று. பார்க்கிறார், விரலால் திரையைத் தொட்டு எண்ணைப் படிக்கிறார், அதைவிடக் கொஞ்சம் கூட்டி ஒரு வால்யூம் உண்டாக்குகிறார். சட்டைத் துணிக்கு அளவு சொல்கிற மாதிரி, சுருங்கினாலும் பற்ற வேண்டும் என்று தாராளமாக. உண்டாகிவிட்டது. கமர்கட்டைக் கடித்துவிட்டேன் போலிருக்கிறது, பல்லில் ஒரு துண்டு. பரவாயில்லை. எட்வின் சாரைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சிரிப்பு வரும். அந்த மனுஷனையும் குறை சொல்ல முடியாது, தாலி கட்டுவதைக் காணோம் என்றதும் சோறு தண்ணி பார்க்காமல் உட்கார்ந்தார். ரிசப்ஷன் வீடியோ முகூர்த்த வீடியோவைவிடச் சின்னது, அதனால் இது முடிந்த இடத்துக்கு அப்பால் பழையதன் வால் அழியாமல் கிடந்தது. அந்த வாலை வெட்டி எடுத்து, ஓட வைத்து, நாச்சக்காவிடம் கொடுத்தார். தாலி முடிந்த பிறகு வருகிற காட்சிகள், ஆசீர்வாதம், போட்டோவுக்கு நிற்பது, பந்தி. நாச்சக்கா ஆப்பிளும் பூவும் வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாராம், திட்டு வாங்கத்தான் போனேன் அம்மிணி என்று என்னிடம் சொன்னார். பெண் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கப்பன் ரெண்டாந்தரம் பாயசம் கேக்கறது வந்திருக்குதல்லங்க அக்கா, தாலி கட்டறதுக்குத்தான் போட்டோ இருக்குதே, இது போதும்" என்று சிரித்தாளாம். மகராசி. ஆனால் நாச்சக்காவுக்குப் போதவில்லை. அன்றிலிருந்து கறுப்புத் திரைப் பக்கமே வரவில்லை, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பழைய துணி சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன், வந்து படித்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தேன். பொய்க் கோப்பு வைத்துப் பழகலாம் என்று எட்வின் சார் சொன்னதற்கு, "பொய்யி வெச்சுப் பழகுனா பொய்யாத்தான் வருமுங்க தம்பி" என்று போன வாரக் கல்யாணத்தின் முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டையுமே பென் டிரைவில் கொண்டு வந்துவிட்டார். வீட்டில் இன்னொரு நகல் இருக்கிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் நெஞ்சு ஒரு நிலைக்கு வந்தது.

ஏற்றும் கட்டளைக்கு வந்துவிட்டார். கட்டளை, வால்யூமின் பெயர், கோப்பின் பெயர். தட்டுகிறார், ஒரு விரலால், ஆனால் தப்பில்லாமல். கோப்பின் பெயர் என்ன வைத்திருக்கிறார், கௌசிகா, அது கல்யாணப் பெண்ணின் பெயர், அடுத்து இடைவெளி, முகூர்த்தம். ஐயோ, இடைவெளி. பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் கறுப்புத் திரை அதை இரண்டு பெயர் என்று எடுத்துக்கொள்ளும், நான் அதை எழுதவில்லை. எழுதவே இல்லை. வால்யூம் என்ன, அளவு என்ன, அழிவது என்ன என்று ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினேன், பெயரில் இடைவெளி விடாதீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அது பழகிப்போய்விட்டது, பழகினவனுக்குப் பள்ளம் தெரியாது. வாசல்படியில் தினமும் தாண்டுகிற உடைந்த கல்லை விருந்தாளிக்குச் சொல்ல மறந்துபோகிற மாதிரி. அவர் என்டரைத் தட்டினார். திரை, இப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. நாச்சக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இப்போது கேட்பார், ஏம்மிணி கோப்பு இருக்குது, இல்லைன்னு சொல்லுது என்று திரும்பிக் கேட்பார், எட்வின் சார் ஒரு விரலைத் தூக்குவார், முடிந்தது, நாளைக்குக் காலையில் காதில் போன். அந்தப் போன் வேலையிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது, நாளெல்லாம் பேசலாம், ஆனால் ஒரே விஷயத்தை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பேசுவது பேச்சா, ஒருதரம் சரியாக எழுதி வைத்தால் நான் தூங்குகிற நேரத்திலும் அது சொல்லிக்கொண்டிருக்குமே. நாச்சக்கா திரும்பவில்லை. பக்கத்தை மேலே தள்ளினார். நான் கொடுத்திருந்த உதாரணத்தைப் பார்த்தார். உதாரணத்தில் கல்யாணம் என்பதற்கும் ஒன்று என்பதற்கும் நடுவில் அடிக்கோடு போட்டிருந்தேன், யோசித்துப் போட்டதல்ல, கை தானாகப் போட்டது. தன் கோப்பைப் பார்த்தார், உதாரணத்தைப் பார்த்தார். "இதுல கோடு போட்டிருக்குது, நம்முளுதுல இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தன் கோப்பின் பெயரை மாற்றி, இடைவெளியை எடுத்துவிட்டு அடிக்கோடு போட்டார், ரிசப்ஷன் கோப்புக்கும் கையோடு அப்படியே செய்தார். மறுபடி தட்டினார். ஓடியது. எனக்கு எழுந்து அவர் தலையில் முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் முன் அந்த வரியை எழுதிவிட வேண்டும், இடைவெளி, இடைவெளி, மறக்கக் கூடாது.

ஏறுகிறது. சதவீதம் மெதுவாகக் கூடுகிறது, பெரிய கோப்பு, நேரம் பிடிக்கும். கீழே பேக்கரியில் தேங்காய் பன் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது, மணம் படி ஏறி வருகிறது, வாய்க்குள் ஏற்கனவே வெல்லம், மூக்கில் வெண்ணெய், இதைவிட நல்ல சிறை எங்கே கிடைக்கும். அவர் இப்போது எச்சரிக்கைப் பத்திக்கு வர வேண்டும், இல்லை, கடந்துவிட்டாரே, அது கட்டளைக்கு மேலே இருக்கிறது, படித்தாரா, உதடு அசைந்ததா, நான் அந்த நேரம் பல்லில் இருந்த துண்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதை மேலே வைப்பதற்கு நான் போட்ட சண்டை கொஞ்சமா. எட்வின் சார் கீழேதான் வைக்க வேண்டும் என்றார், முதலில் வேலை, பிறகு எச்சரிக்கை, அதுதான் முறை என்றார். நான் சாம்பார் கதையைச் சொன்னேன். ஒரு நாள் எனக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது, குமரகுருவுக்குச் சாம்பார் வைக்கும் முறையை எழுதி அனுப்பினேன், பருப்பைத் தாளி, புளியைக் கரைத்து ஊற்று, உப்புப் போடு, கொதிக்க வை, எல்லாம் எழுதிக் கடைசியில், பருப்பில் ஏற்கனவே உப்புப் போட்டிருக்கிறேன் பார்த்துப் போடவும் என்று எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து ஒவ்வொரு வரியாகச் செய்தார், கடைசி வரிக்கு வந்தபோது உப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பாரைக் குடித்திருந்தால் ஆயுசுக்கும் நன்றி மறக்க முடியாது, அவ்வளவு உப்பு. யாரும் கட்டளைக்குக் கீழே இருப்பதைப் படிக்க மாட்டார்கள் சார், கை வேலைக்குப் போய்விடும் என்றேன். அப்புறம் அந்த வாக்கியம். முதலில் எழுதியது, முந்தைய உள்ளடக்கம் மேலெழுதப்படும் என்பதைக் கவனத்தில் கொள்க. படித்துப் பார்த்தால் தாசில்தார் ஆபீஸ் அறிவிப்புப் பலகை. இரண்டாவது, புதிய கோப்பு பழைய கோப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சண்டைக்காரக் கொழுந்தனைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது. பிறகு பீரோ உதாரணம் எழுதினேன், பழைய வீடியோ கேசட்டில் ரீவைண்ட் செய்து மறுபடி பதிவு செய்வதைப் போல என்று எழுதினேன், அழித்தேன், குளிக்கும்போது ஒன்று தோன்றியது, சோப்பு நுரையோடு வெளியே வந்து எழுதி வைத்தேன், காய்ந்த பிறகு பார்த்தால் அதுவும் சுமார்தான். கடைசியில் நாச்சக்காவிடம் போனில் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயால் சொல்லிப் பார்த்தேன். ஒரு வால்யூமுக்கு ஒரு கோப்பு. அதே வால்யூமில் இன்னொரு கோப்பை ஏற்றினால் முதல் கோப்பு அழியும், திரை உங்களைக் கேட்காது. இரண்டாவது கோப்புக்கு இரண்டாவது வால்யூம் உண்டாக்குங்கள். சொல்லி முடித்தபோது நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், இதற்கா இத்தனை நாள் என்று. இவ்வளவு சுலபமான வாக்கியத்தைப் பார்த்து எட்வின் சார்கூட, இதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் கோப்பு ஏறி முடிந்தது. நாச்சக்கா முதுகை நிமிர்த்தினார். "எட்வின் தம்பி" என்றார். போச்சு. எட்வின் சார் சுவரிலிருந்து விலகி நின்றார். "இந்த ஃபேனக் கொஞ்சம் வெசையா வெய்யுங்க தம்பி, வேர்த்துக் கொட்டுது." எட்வின் சார் ஃபேனைக் கூட்டிவிட்டு என்னைப் பார்த்தார், இது கணக்கில் சேராது என்று கையை அசைத்தார், அந்த நிமிஷம் அவருக்கு ஒரு கோயில் கட்டியிருப்பேன். அவருக்கும் மூச்சு வேகமாகத்தான் வருகிறது, பார்த்துவிட்டேன், இந்தப் பக்கம் தேறக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை, அவர் செய்த கட்டளை அல்லவா, தாலியைத் தின்றது அவர் பிள்ளை. இனிதான் இரண்டாவது கோப்பு, ரிசப்ஷன். நாச்சக்கா கைவிரல்களைச் சொடுக்கெடுத்தார். மேல் அம்புக்குறி விசையைத் தட்டினார். தட்டாதீர்கள் அக்கா, அதைத் தட்டாதீர்கள். அதைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை அப்படியே திரும்பி வரும், கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு என்டர் தட்டலாம், கைக்குச் சுலபம், எல்லாரும் செய்வோம், நானும் செய்வேன், போன ஆவணியில் அவர் செய்ததும் அதுதான். பழைய கட்டளை வந்து நின்றது, அதில் பழைய வால்யூமின் பெயர். முகூர்த்தம் என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ரிசப்ஷன் என்று அடித்தார், முன்னால் அடிக்கோடு போட மறக்கவில்லை. வால்யூமின் பெயர் அப்படியே இருக்கிறது. அப்படியே இருக்கிறது. விரல் என்டர் மேல் போய் நின்றது. நான் கமர்கட்டை விழுங்கிவிட்டேன், துண்டாகவோ முழுசாகவோ தெரியவில்லை, நெஞ்சில் எங்கேயோ இறங்குகிறது. இப்போது வாய் காலி. கத்தினால் கேட்கும். கத்தினால் பக்கம் தோற்றது, கத்தாவிட்டால் இன்னொரு பெண்ணின், இந்தக் கௌசிகாவின் தாலி போகும், நகல் இருக்கிறது, நகல் வீட்டில் இருக்கிறது, தாலி போகாது, ஆனால் நாச்சக்கா போய்விடுவார், இந்த நாற்காலிக்கு இனி வரவே மாட்டார், தனக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டிக்கொண்டு பல்லடம் பஸ்ஸில் ஏறிவிடுவார், மல்லிகை வாடுவதற்குள் இறங்கி வீட்டுக்காரரிடம் அப்பவே சொன்னேனுங்களே என்பார். பக்கம் போகட்டும், வேலையும் போகட்டும், கத்திவிடலாமா. வாயைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எட்வின் சார் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், வேண்டாம் என்றா, பொறு என்றா, அவருக்கும் தெரிந்திருக்காது.

விரல் இறங்கவில்லை. நாச்சக்கா விரலை விசைமேலேயே வைத்துக்கொண்டு மறு கையால் பக்கத்தை மேலே உருட்டினார். உதடு அசைந்தது. ஒரு வால்யூமுக்கு ஒரு கோப்பு என்று வாய்க்குள் படித்தார். அதே வால்யூமில் இன்னொரு கோப்பை ஏற்றினால், என்று படித்தார், நிறுத்தினார், முதல் கோப்பு அழியும், என்று சத்தமாகவே படித்தார், திரை உங்களைக் கேட்காது. ஃபேன் காற்றில் அவர் காதோர முடி பறந்தது, ஒதுக்கவில்லை. பிறகு, "அட, இது இவ்வளவுதானா" என்றார், யாரிடமும் சொல்லவில்லை. "அப்ப எனக்கு மூளை இல்லாம இல்ல. சொல்லல, அவ்வளவுதான்." முகம் எனக்கு முழுசாகத் தெரியவில்லை, முதுகு சிரித்ததைப் பார்த்தேன், தோள் இரண்டும் குலுங்கின, ஆவணியிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கையைத் தூக்கினால் அசைந்ததாக ஆகுமோ என்று அப்படியே விட்டுவிட்டேன், கன்னத்தில் வழிந்தால் வழியட்டும். அவர் கறுப்புத் திரையில் நின்ற அந்தக் கட்டளை வரியை அழித்தார். ரிசப்ஷன் கோப்பின் அளவைப் பார்த்தார், கொஞ்சம் கூட்டி ஒரு புது வால்யூம் உண்டாக்கினார், அதற்குக் கௌசிகா ரிசப்ஷன் என்று பெயர் வைத்தார், அடிக்கோட்டோடு. ஏற்றினார். ஓடி முடிந்தது. பிறகு இரண்டு வால்யூமையும் பட்டியல் போட்டுப் பார்த்தார், இரண்டும் வரிசையாக இருந்தன, முகூர்த்தம் மேலே, ரிசப்ஷன் கீழே, மண்டபத்தில் நடக்கிற வரிசையிலேயே. எட்வின் சார் கட்டியிருந்த கையை இறக்கினார். "கேள்வி இல்ல" என்றார். "பவளம், மிச்சப் பக்கமெல்லாம் நீங்களே எழுதிருங்க. பழைய ஒத்தை வரிய நானே எடுத்துடறேன். இப்ப பேசலாம்."

பேசலாம். எனக்குப் பேச எவ்வளவு இருக்கிறது. பெயரில் இடைவெளி விடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இடைவெளி விட்டே ஆக வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடலாம் என்று சொல்ல வேண்டும், அம்புக்குறியைத் தட்டியபோது என் உயிர் எங்கே போய் வந்தது என்று சொல்ல வேண்டும், பன் சூடாக இருக்கிறது, கீழே போய்த் தேநீரோடு சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும், குமரகுருவுக்கு மாலை வாங்கச் சொல்லிப் போன் செய்ய வேண்டும். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். நாச்சக்கா பக்கத்தை இன்னும் கீழே உருட்டியிருந்தார், ஏற்றிய கோப்பை எப்படித் திரும்ப இறக்குவது என்று நான் எழுதியிருந்த பகுதியில் விரலை வைத்திருந்தார். "அக்கா" என்றேன், ரொம்ப நேரம் பேசாததால் குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "அக்கா, அந்தப் பேருல இடைவெளி இருந்துதல்லங்க, அது வந்து..." அவர் திரும்பவே இல்லை. இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினார்.

"சித்தெ இரு அம்மிணி. படிச்சுட்டிருக்கறேன்."